புதுப்பிக்கிற நாள்

டிசம்பர் கடைசி. கச்சேரி விறாந்தையில்
பதினேழு பேர், பதினேழு துவக்கு.
குழல் எல்லாம் நிலத்தைப் பார்க்கவேண்டுமாம்.
வெளியில் மழை.
யூரியாப் பையால் சுற்றிக் கொண்டுவந்தவர்கள்
குளிப்பாட்டின பிள்ளைக்குத் துவாய் அவிழ்ப்பதுபோல
அவிழ்க்கிறார்கள்.

எனக்கு முன்னால் ஆனந்தசிவம். இரட்டைக்குழல்.
மூன்று வருசமாக ஒரு வெடி வைத்ததில்லை.
வெள்ளிக்கிழமை பின்னேரம் கழற்றுவான்,
தையல் மெசின் எண்ணெய் போடுவான், பூட்டுவான்.
பூட்டும்போது ஒரு ‘டக்’ கேட்கும்,
அதுக்காகத்தான் வைச்சிருக்கிறன் என்கிறான்
வெட்கமில்லாமல்.
ஒருத்தரும் சிரிக்கவில்லை.

லிகிதர் பிள்ளை நிமிராமல் கேட்கிறாள்.
பேர்?
நாகமணி தவராசா, ஒட்டுசுட்டான்.
தோட்டா எத்தினை வாங்கினது?
பத்து.
மிச்சம்?
ஒன்பது.
அந்த ஒண்டு?
பண்டிக்கு.
எழுதுகிறாள். இறைச்சி கிடைத்ததா
என்பதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

ஊரையே பயிற்சிக்குக் கூப்பிட்ட காலத்தில்
எனக்கும் ஒரு துவக்குத் தந்தார்கள்,
பொழுதுபட எண்ணி வாங்கி வைத்தார்கள்.
தோள் காய்த்துப்போனது. ஆனாலும்
அது கையில் இருந்தது, அவ்வளவுதான்.
இருக்கிறதும் உடையதும் வேறுவேறு என்று
ஐம்பத்திரண்டு வயதில்
ஒரு ரசீதைப் பிடித்துக்கொண்டு நிற்கையில் விளங்கியது.
படிவத்தில் அந்தக் காலத்துக்கும் கட்டம் இல்லை.
நானும் சொல்லவில்லை.

இது வீட்டுக்கு வந்த பிறகு
மங்களேஸ்வரி சண்டை பிடிக்கிறதென்றால்
முதலில் தோட்டாப் பெட்டியை
அரிசிப் பீப்பாவுக்குள் தாட்டுவிட்டுத்தான் தொடங்குவாள்.
தாட்டு முடியுமட்டும் நான் காத்திருப்பேன்.
கள்ளுக்கொட்டில் பக்கம் போவதை விட்டேன்.
பக்கத்துக் காணி செயசீலன் இரவல் கேட்டபோது
மண்வெட்டி கேள், மாடு கேள், மோட்டசைக்கிளைக் கொண்டுபோ,
இது மட்டும் ஏலாது என்றேன்.
ஒரு மாதம் முகம் தரவில்லை.

அந்த ஒண்டு.

கச்சான் பிடுங்க ஒரு கிழமை இருந்தது.
பரணில் நான், நெற்றி லைற்றை அணைத்தபடி.
முதலில் வந்தது மணம்.
பிறகு கோது நொருங்குகிற சத்தம்,
திருவிழாவில் பிள்ளைகள் தின்பதுபோல,
அவசரமில்லாமல்.
மானென்றால் கண் மினுங்கிக் காட்டிக்கொடுக்கும்.
பன்றிக்கு மினுங்காது. இருட்டுக்குள்
கொஞ்சம் கூடின இருட்டு, அதுதான் குறி.
லைற். வெடி. தோளுக்குள் ஓர் உதை.

சொல்லக்கூடாதுதான், சொல்கிறேன்: சந்தோசம்.
ஒருத்தரும் ‘சுடு’ என்று சொல்லாமல்
நானே பார்த்து, நானே அமர்த்தி,
என் காணியில், என் பேரில்
ஒரு வெடி.

விடிய, செயசீலனும் வந்தான், கத்தியோடு, சாக்கோடு.
வீரை இலையில் இரத்தம். பாலை வேரில் இரத்தம்.
பிறகு சிவப்புப் பலகை. மண்டையோடு.
மூன்று மொழியிலும் மிதிவெடி.
பலகைக்கு அப்பால் இருபத்தைந்து அடியில்
என்னுடைய பன்றி,
முதுகு தெரிகிறது, ஈ தெரிகிறது.
நாலு காலால் போயிருக்கிறது, ஒன்றும் வெடிக்கவில்லை.
இரண்டு காலுக்கு அந்த நம்பிக்கை வராது.

குறி எங்கே பட்டது என்று
எனக்கு இன்னும் தெரியாது. அது ஒரு கவலை.

செயசீலன் சாக்கை மடித்தான், விரித்தான்,
திரும்பவும் மடித்தான்.
உங்கை கிடக்கிறதுக்கெல்லாம்
ஆரிட்டை லைசென்ஸ் என்றான்.
பகிடிக்குத்தான்.
எந்த டிசம்பரிலும், எந்த வரிசையிலும்
எவரும் வந்து நின்று
அது என்னுடையது, இலக்கம் இது,
இத்தனை வாங்கினேன், இத்தனை மிச்சம்
என்று சொன்னதாக நான் கேள்விப்படவில்லை.

நாலு நாள் மணத்தது. மங்களேஸ்வரி
அந்தப் பக்கத்து யன்னலைச் சாத்தி வைத்தாள்.

முத்திரை விழுகிறது.
அடுத்த வருசம் முப்பத்தொன்று மட்டும்
இது என்னுடையது.
மழை விடவில்லை. பையை உதறி
குழலை முதலில் மூடுகிறேன்.